செயின்சாவுக்குப் பலம் ஏற்றிய கதை, ஒரு பிஸ்டன் போனது உட்பட

இந்த மிஷின் என் பட்டறைக்கு வந்தபோது கிளட்ச் மூடிக்குள் தென்னந்தும்பு அடைத்து, காய்ந்து, கயிறு மாதிரி இறுகிப் போயிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போன மறுவாரம் என் மச்சான் பதறியடித்து வாங்கியது. டெல்டாவில் அப்போது எந்தத் தோப்புக்குப் போனாலும் இந்த ரகச் சீனத்துச் செயின்சா சத்தம்தான். விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி முடிந்ததும் மிஷின் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏறியது. ஆறு வருஷம் இறங்கவே இல்லை. "சும்மாதானே கிடக்கு, நீ எடுத்துட்டுப் போ மாப்ளே" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். ஊர் இளையான்குடிப் பக்கம். இங்கே தென்னை கிடையாது, சீமைக் கருவேலம்தான். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரே வெட்டியது. நாங்களும் எங்கள் மூன்று ஏக்கரில் வெட்டினோம். அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டோம். ஒன்று இருந்த இடத்தில் நாலைந்து கிளைத்து, இப்போது உள்ளே ஆடுகூட நுழைவதில்லை. கரிமூட்டம் போடுகிறவரிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிடலாம்தான். அறுப்புக் கூலியை நாமே மிச்சம் பண்ணலாமே என்ற கணக்கில் மிஷினைக் கையில் எடுத்தேன். அந்தக் கணக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். "முன்னைவிட நல்லா அறுக்குது" என்று மனசு சொல்வதை நம்பக் கூடாது. காசு செலவழித்த மனசு அப்படித்தான் சொல்லும். வரப்போரம் வெட்டாமல் நின்ற பழைய மரம் ஒன்றைச் சாய்த்து, 28 செ.மீ. விட்டத்தில் ஓரளவு உருண்டையாக இருந்த நடுத்தண்டைச் சட்டத்தில் ஏற்றிக் கட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று வில்லை அறுப்பது, மகன் செல்போனில் நேரம் பிடிப்பது, மூன்றின் சராசரியை எழுதி வைப்பது. மிஷினைக் கட்டைமேல் அழுத்தக் கூடாது, அதன் எடையிலேயே இறங்க வேண்டும் என்று விதி. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் கிடக்கக் கிடக்கக் கருவேலம் காய்ந்து இறுகும். ஆகவே கடைசி வாரத்துக் கட்டை முதல் வாரத்துக் கட்டையைவிடக் கொஞ்சம் கடினம்.

வந்த கோலத்தில் ஓட்டியதற்கு 31 விநாடி. சிராய் வரவில்லை, மாவு மாதிரித் தூள் வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, செயின் மொட்டை. தென்னை வெளிக்கட்டை செயினைத் தின்றுவிடும். மண்ணில் கிடந்த மரம் என்றால் மணலும் சேர்ந்துகொள்ளும். 4.8 மி.மீ. உருண்டை அரத்தை வாங்கி உட்கார்ந்தேன். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைப் பார் என்பார்கள். என் 20 அங்குலப் பாருக்கு 76 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி), அந்தச் செயினில் 38 வெட்டுப்பல், இடது 19, வலது 19. பல் ஒன்றுக்கு ஆறேழு இழுப்பு, உள்ளிருந்து வெளியே மட்டும். மேல்விளிம்புச் சாய்வை 30 பாகைக்குப் பதில் 25ஆக வைத்தேன். காய்ந்த கருவேலத்தில் ரொம்பக் கூர்மையான முனை அரை மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு நிற்கும், ரேக்கர் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டியது, என் செயினில் பல பற்களில் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. தட்டை அரத்தால் இறக்கினேன்.

மறுபடி அறுத்தேன். 19 விநாடி. இன்ஜினில் ஒரு ஸ்க்ரூகூடத் தொடவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளாக இருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

சைலன்சர்

சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பலத்தைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சைலன்சர்தான். சத்தத்துக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் வெளிவாசலைக் குறுக்கி வைத்திருப்பார்கள். எரிந்த புகை முழுசாகப் போகாமல் உள்ளே தங்கினால், புதுக் கலவைக்கு அந்த அளவு இடம் குறையும். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சைலன்சரில் கரி அடைத்தால் வண்டி மேடு ஏறாது, குழாயைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியை எரித்து மாட்டினால் பறக்கும்.

என் மிஷினில் சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் எக்சாஸ்ட் வாசல் 24 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம், மூலைகள் உருண்டை. சுமாராக 280 சதுர மி.மீ. சைலன்சர் டப்பாவிலிருந்து வெளியே வரும் ஓட்டை 11 மி.மீ. விட்டம், அதாவது 95 சதுர மி.மீ. மூன்றில் ஒரு பங்குதான், அதற்கு மேல் ஒரு மயிரிழை. எக்சாஸ்ட் வாசல் பரப்பில் 70லிருந்து 80 சதவீதம் வரை வெளிவாசல் இருக்கலாம் என்பது இந்த வேலை செய்கிறவர்களின் கைக்கணக்கு. அதற்கு மேல் திறந்தால் சத்தம்தான் கூடும்.

டப்பாவைப் பிரித்து உள்தடுப்புத் தகட்டின் ஓட்டைகளை அகலப்படுத்தினேன். முன்பக்கத்தில் 12 மி.மீ. உள்விட்டமுள்ள இரும்புக் குழாய்த்துண்டு ஒன்றை வைத்துப் பித்தளைப் பற்று போட்டேன். அது ஒரு 113, பழையது 95, ஆக 208. வாசலில் 74 சதவீதம். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் உடம்பையோ கைப்பிடியையோ பார்த்தால் உருகும். கட்டையைப் பார்த்தால் தூள் பற்றிக்கொள்ளும். நான் முன்னோக்கிக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தேன்.

வாயில் கம்பிவலை போடாமல் ஓட்டாதீர்கள். கரித்துணுக்கு ஒன்று தணலாக வெளியே விழுந்தால் போதும், கோடையில் கருவேலங்காட்டுச் சருகு நொடியில் பிடித்துக்கொள்ளும். வலையின் கண் 0.6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. முதலில் எவர்சில்வர் டீ வடிகட்டியை வெட்டிப் போட்டேன். மூன்று வாரத்தில் இற்றுப்போனது. பிறகு கனமான வலை வாங்கினேன். டீ வடிகட்டிக்கு வீட்டில் வாங்கிய வசவை இங்கே எழுதவில்லை.

பிஸ்டன் போன நாள்

சைலன்சரைத் திறந்தால் காற்று அதிகம் ஓடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்பரேட்டரில் மூன்று ஸ்க்ரூ: ஐடிலுக்கு ஒன்று, கீழ்வேகத்துக்கு எல், முழுவேகத்துக்கு எச். எச் ஸ்க்ரூவைக் கால் சுற்றாவது திறந்துவிட்டுத்தான் முழு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்யவில்லை. அந்த ஸ்க்ரூவின் தலை சாதாரணத் திருப்புளிக்கு இடம் கொடுக்காத பல்சக்கரத் தலை, அதற்கான திருப்புளி பரமக்குடியில்தான் கிடைக்கும், மணி அப்போது சாயங்காலம் ஐந்து. "ஒரே ஒரு வில்லை அறுத்துப் பார்ப்போம்" என்று இழுத்தேன்.

14 விநாடி! மகன் துள்ளினான். பிளக் ஒயரில் சுற்றிக் கட்டியிருந்த டாக்கோமீட்டர் (சுற்று எண்ணும் மீட்டர்) வெறும் ஓட்டத்தில் நிமிஷத்துக்கு 13,600 சுற்று காட்டியது. முன்னே 11,800க்கு மேல் போனதில்லை. சத்தம் விசில் மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒரு வில்லை நாலு வில்லை ஆனது. அப்புறம் பக்கத்தில் கிடந்த கிளைகளையும் அறுக்க ஆரம்பித்தேன். கடைசிக் கட்டையில் நான் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே சத்தம் இன்னும் ஒரு படி ஏறியது. "பரவால்லையே" என்று நினைத்த அடுத்த மூச்சில், சாவி போட்டு அணைத்த மாதிரி நின்றது. கயிறு வரவில்லை.

ஆறிய பிறகு கயிறு வந்தது, ஆனால் கையில் கம்ப்ரஷனே இல்லை. சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனின் எக்சாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாக உழுத மாதிரிக் கோடுகள். ரிங் பள்ளத்துக்குள் நசுங்கி ஒட்டிக் கிடந்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் சூடு கூடுவது ஒருபக்கம், எண்ணெய் வருவதே அந்தப் பெட்ரோலோடுதான் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து முதலில் எரிப்பது எக்சாஸ்ட் பக்கத்தை. கடைசியில் தானாக ஏறிய அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

ஆர்எக்ஸ் 100 காலத்தில் மாவட்டத்துப் பையன்களின் வண்டிக்கெல்லாம் போர்ட்டிங், அதாவது சிலிண்டர் வாசல்களைக் குடைந்து பெரிதாக்கும் வேலை, செய்துகொடுத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இப்போது கடையை மகன் பார்க்கிறார், இவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். பிஸ்டனைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, எப்படிக் கத்துச்சு?"

"விசில் மாதிரிண்ணே. அருமையா இருந்துச்சு."

"அருமையா இருந்துச்சுல்ல? அப்பவே கையை எடுத்திருக்கணும். வெறும் ஓட்டத்துல அது அருமையா கத்தக் கூடாது. தொண்டை கட்டின மாதிரி கடகடன்னு வரணும். கட்டையில வச்சதும் அந்தக் கடகடப்பு போய்ச் சுத்தமாகணும். எடுத்தா மறுபடி கடகடன்னு வரணும். அதான் செட்டிங்."

அவர் சொன்ன அந்தக் கடகடப்பு, கலவையில் பெட்ரோல் கூடி ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல் ஒன்றுவிட்டு ஒன்று எரிவதால் வருவது. சுமை ஏறியதும் எல்லாச் சுற்றும் எரிய ஆரம்பிக்கும். டாக்கோமீட்டர் இல்லாமலேயே காதால் செட்டிங் வைப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "பெட்ரோல்ல இப்ப எத்தனால் இருபது. அது இருந்தாலே பழைய செட்டிங்குக்குப் பெட்ரோல் பத்தாது." உண்மைதான். மிஷின் செட்டிங் வைத்த காலத்துப் பெட்ரோல் வேறு, 2025இல் பங்கில் பிடிப்பது வேறு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். என் பிஸ்டனைக் கொன்ற குற்றவாளிகளின் பட்டியலில் அது இரண்டாவது.

மூன்றாவதைப் பழைய பிபி மெஷின் காட்டிக்கொடுத்தது. இதைத்தான் எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். அப்பத்தாவுக்கு வாங்கிய, கையால் அமுக்கும் பழைய பிபி மெஷினின் பல்பையும் மீட்டரையும் எடுத்தேன். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து, அதற்குள் சின்னக் குழாய் பற்ற வைத்து, பிளக் ஓட்டையில் மாட்டினேன். எக்சாஸ்டைச் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அதன்மேல் சைலன்சரையே முறுக்கி அடைத்தேன். கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு அந்த வாயையும் அதே மாதிரி அடைத்தேன். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் சிலிண்டரும் அதற்கு அடியிலுள்ள கிராங்க் அறையும் ஒன்றாகிவிடும். பல்பை அமுக்கி முள்ளை 250இல் நிறுத்தினேன். ஒரு நிமிஷம் அப்படியே நிற்க வேண்டியது 140க்கு இறங்கியது. சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தால், சிலிண்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையின் பேக்கிங் ஓரத்தில் குமிழி. கிராங்க் சீல்கள் இரண்டும் நல்லபடியாக இருந்தன. ஆறு வருஷம் பரணில் காய்ந்த பேக்கிங், பெட்ரோல் கலக்காத வெறுங்காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் மிஷினைக் கையில் வாங்கிய முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது.

அளந்து பார்த்தால்

பிரித்தது பிரித்தாயிற்று, அளவெடுப்போம் என்று வெர்னியரை வைத்தேன். உள்விட்டம் 45.2 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 34 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 54.6 சிசி வரும். பெட்டியில் பெரிய எழுத்தில் 58. மூன்றரை சிசி அச்சகத்தில் ஏறியிருக்கிறது.

சிலிண்டர் தப்பித்ததுதான் அதிர்ஷ்டம். அப்பியிருந்த அலுமினியத்தின்மேல் மட்டும் காது குடையும் பஞ்சுக்குச்சியில் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தொட்டு வைத்தேன். அலுமினியத்தைக் கரைக்கும், சுவரில் இருக்கும் கெட்டிப் பூச்சை விட்டுவிடும். வாசல் ஓரங்களில் பூச்சு இல்லாத அலுமினியம் உண்டு, அங்கே பட்டால் அதையும் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் இந்த வேலை. கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் குறுக்குக் கோடு விழும்படி லேசாகத் தேய்த்ததும் சுவர் பழையபடி வழுவழுத்தது. புதுப் பிஸ்டன், ரிங், பின், எல்லாம் சேர்ந்து கூரியரில் வந்தன.

இனி பேக்கிங் விஷயம். சிலிண்டருக்கு அடியில் அரை மி.மீ. தடிமனில் ஒரு பேக்கிங் இருக்கும். பிஸ்டன் டாப்பில், அதாவது ஓட்டத்தின் உச்சியில், நிற்கும்போது அதன் விளிம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே உள்ள சந்தை ஸ்க்விஷ் என்பார்கள். அதை அளக்க நம் தொழில் ஈயக்கம்பி போதும். பிளக் ஓட்டை வழியாக, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் சுவரைத் தொடும்வரை கம்பியை நுழைத்து, மிஷினை ஒரு சுற்று சுற்றினால் நுனி நசுங்கும். நசுங்கிய தடிமன்தான் சந்து. இருபக்கமும் அளந்தேன், 1.15. பேக்கிங்கை எடுத்துவிட்டு அனபாண்ட் பசையை மெல்லிசாகத் தடவி உட்கார வைத்தால் 0.65. அரை மி.மீ.க்குக் கீழே இறக்கக் கூடாது. வேகத்தில் கனெக்டிங் ராடு இம்மியளவு நீளும், பேரிங் இடைவெளியும் சேர்ந்துகொள்ளும், பிஸ்டன் போய்த் தலையில் முட்டும். எனக்கு 0.65 போதும் என்று நின்றேன். அனபாண்ட் பிதுங்கி உள்ளே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் பக்கத்துப் பேக்கிங்கில் குண்டூசித் தலை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். கிராங்க் அறையின் துடிப்பு அது வழியாகப் போய்த்தான் கார்பரேட்டரின் பெட்ரோல் பம்ப் வேலை செய்யும். அங்கே பசையே வேண்டாம், புதுப் பேக்கிங் போடுங்கள்.

கம்ப்ரஷன் 142 பிஎஸ்ஐயிலிருந்து 168க்கு ஏறியது. கயிறு இழுக்கும்போதே தோள்பட்டைக்குத் தெரிகிறது.

ஆனால் சிலிண்டர் கீழே இறங்கினால் அதன் வாசல்களும் சேர்ந்து இறங்கும். இங்கேதான் சிடி தட்டு வந்தது. பழைய சிடி ஒன்றில் 360 பாகை அச்சடித்த காகிதத்தை ஒட்டி, தீப்பொறிக்கான மேக்னட் சக்கரம் இருக்கும் பக்கத்துத் தண்டில் முறுக்கி, கம்பியை வளைத்து முள்ளாக வைத்துக்கொண்டேன். டாப்பைக் கண்ணால் பார்த்துக் குறிக்க முடியாது. பிளக் ஓட்டையில் முட்டு ஒன்றைப் போட்டு, பிஸ்டன் அதில் இடிக்கும்வரை ஒரு திசையில் சுற்றிக் குறித்து, எதிர்த்திசையிலும் சுற்றிக் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும்.

பேக்கிங்கோடு இருந்தபோது எக்சாஸ்ட் டாப்பிலிருந்து 104 பாகையில் திறந்தது, டிரான்ஸ்ஃபர் (கிராங்க் அறையிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் வாசல்) 124இல், இன்டேக் (கார்பரேட்டரிலிருந்து கலவை வரும் வாசல்) டாப்புக்கு 70 பாகை முன்னால். பேக்கிங் போனதும் எக்சாஸ்ட் 106, டிரான்ஸ்ஃபர் 126.5, இன்டேக் 71.6. எக்சாஸ்ட் தாமதமானால் கீழ் இழுவை கூடும், மேல்வேகம் குறையும். எக்சாஸ்ட் வாசலின் கூரையை அரை மி.மீ. உயர்த்தி 104க்கே திரும்பக் கொண்டுவந்தேன். டிரான்ஸ்ஃபரைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே முன்னே 20 பாகை, இப்போது 22.5. புதுக் கலவை உள்ளே வருவதற்கு முன் பழைய புகை வெளியேறக் கிடைக்கும் அவகாசம் அதுதான். இன்னும் ஒரு அரை மி.மீ. உயர்த்தலாமா என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "ரேஸுக்கா விடப் போறே? மரம் அறுக்கிற மிஷினுக்கு இழுவைதான் வேணும், விடு" என்று வைத்துவிட்டார்.

வாசல்களைக் குடையக் கல் ஓட்டுவதற்கு என்னிடம் கருவி இல்லை. கடைத்தெருவில் நகை செய்யும் பத்தரிடம் தொங்கு மோட்டார் இருக்கிறது, வளையும் தண்டும் பேனா மாதிரிக் கைப்பிடியுமாக. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பட்டறையில் உட்கார அனுமதி கிடைத்தது. தங்கத்தூளோடு என் அலுமினியத்தூள் கலந்துவிடக் கூடாது என்று கீழே வேட்டியை விரித்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். எக்சாஸ்டை 24இலிருந்து 27.5 மி.மீ.க்கு அகலப்படுத்தினேன். உள்விட்டத்தில் 61 சதவீதம். அதற்கு மேல் போனால் ரிங் வாசலுக்குள் பிதுங்க ஆரம்பிக்கும். இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனைகள் சேரும் இடம் எந்த வாசலுக்கும் நேரே வரக் கூடாது. பிஸ்டன் டாப்பில் நிற்கும்போது அதன் பாவாடை எக்சாஸ்ட் வாசலைப் பக்கவாட்டிலும் கீழேயும் முழுசாக மூட வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் அறையே எக்சாஸ்டுக்குத் திறந்துவிடும். இன்டேக் தரையை 1 மி.மீ. இறக்கினேன், 75 பாகை கிடைத்தது.

கல் எப்போதும் சிலிண்டர் உட்பக்கத்திலிருந்து வெளியே போகிற திசையில் உரச வேண்டும். எதிர்த்திசையில் போனால் சுவர்ப்பூச்சு ஓரத்தில் பெயர்ந்து வரும். எனக்கு ஒரு இடத்தில் நெல்முனை அளவு பெயர்ந்தது, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது. வாசலின் விளிம்புக்கு மேலே போகவில்லை, தப்பித்தேன். வேலை முடிந்ததும் எல்லா விளிம்பையும் விரல் நகம் மாட்டாத அளவுக்கு மழுக்கி உருட்ட வேண்டும். இதைச் செய்ய மறந்தால் முதல் நிமிஷத்திலேயே ரிங் வாசலில் மாட்டி உடையும். எனக்கு மொத்தப் போர்ட்டிங்கில் பாதி நேரம் இந்த மழுக்கலுக்கே போனது. சிலிண்டரைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். பத்தர் சிரித்தார். "கல்யாணப் பாத்திரம் மாதிரி தேய்க்கிறீங்களே."

மேக்னட்டைத் தண்டில் நிறுத்தும் சாவியையும் அரை மி.மீ. ராவி, தீப்பொறியை ஆறு பாகை முன்னால் கொண்டுவந்தேன். காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி. இதில் பெரிய லாபம் இல்லை. குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது கயிறு திருப்பி அடிக்கிறது. ஒருமுறை விரலில் வாங்கிய பிறகு, இதைச் செய்யாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கணக்கு

புது ரிங்குக்காக முதல் மூன்று டேங்க் லேசான வேலை மட்டும், லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய். எச் ஸ்க்ரூவைத் தாராளமாகத் திறந்து வைத்து, கடகடப்பு நன்றாகக் கேட்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தேன். வெறும் ஓட்டத்தில் 12,200இல் நிறுத்தினேன். 13,600 போனது நினைவிருக்கிறது, அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தச் செட்டிங்கில் சைலன்சர் மாற்றம் மட்டும் என்ன கொடுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள, கல் ஓட்டுவதற்கு முன்பே, பேக்கிங்கையும் மாட்டி, புதுப் பிஸ்டனோடு ஒருமுறை அறுத்துப் பார்த்திருந்தேன். 14.5 விநாடி. போர்ட்டிங்கும் பேக்கிங் நீக்கமும் முடிந்தபின் 12.8. சாவி ராவியபின் 12.5.

ஆக, 31இலிருந்து 19 வரை இறக்கியது ஒரு அரம். 19இலிருந்து 14.5க்கு இறக்கியது ஒரு குழாய்த்துண்டும் ஒரு ஸ்க்ரூவின் கால் சுற்றும். மூன்று வாரம், பத்தர் பட்டறை, சிடி தட்டு, பெயர்ந்த பூச்சு, திருப்பியடித்த கயிறு எல்லாம் சேர்ந்து கொடுத்தது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிக்காக நான் வருத்தப்படவில்லை, பொழுது நன்றாகப் போனது. ஆனால் ஒருவர் வந்து "என் மிஷினுக்கும் பண்ணிக் கொடுங்க" என்றால் அரத்தைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

அப்படி ஒருவர் வரவும் செய்தார், கரிமூட்டக்காரர். அவரிடம் ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 180 செயின்சா, 31.8 சிசி. அந்த ரகத்தில் சிலிண்டரும் கிராங்க் அறையின் மேல்பாதியும் ஒரே வார்ப்பு, கீழே பசை மட்டும்தான், எடுப்பதற்கு அடிப்பேக்கிங்கே கிடையாது. சைலன்சர் வாயைக் கொஞ்சம் திறந்து, கார்பரேட்டரை அதற்கேற்றபடி வைத்து, செயினைத் தீட்டிக் கொடுத்தேன். போதும் என்று போய்விட்டார்.

550 மில்லி டேங்க் முன்னே 35 நிமிஷம் வந்தது, இப்போது 27. சத்தம் கூடியிருக்கிறது. காது மூடி இல்லாமல் நான் தொடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் "மத்தியானத்துல மட்டும் போடாதப்பா, கண்ணசர முடியலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாரின் நுனி கட்டையில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும் வேகமும் கூடியிருக்கிறது. தினமும் ஆரம்பிக்கும் முன் செயின் பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை. 20 அங்குலப் பாரைக் கழற்றி 18 போட்டுவிட்டேன், 72 டிரைவ் லிங்க். கருவேலத்துக்கு அதற்கு மேல் நீளம் தேவைப்படவில்லை, நுனி எங்கே இருக்கிறது என்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது மிச்சமிருப்பது பாருக்குப் போகும் எண்ணெய். பெட்ரோல் தீரும்போது எண்ணெய் டேங்கும் கிட்டத்தட்டத் தீர வேண்டும். எனக்குப் பாதி அப்படியே நிற்கிறது. செயின் வேகமாக ஓடுகிறது, பாரில் கை வைத்தால் சுடுகிறது, நுனியில் நீலம் பூத்திருக்கிறது. சரிசெய்யும் ஸ்க்ரூவை முழுசாகத் திறந்தும் மாறவில்லை. நேற்றுக் கிளட்ச்சைக் கழற்றினேன். அதற்கு இடதுமரை, மறந்துபோய் வழக்கமான பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். ஸ்டார்ட்டர் கயிற்றை பிளக் ஓட்டைக்குள் திணித்துப் பிஸ்டனை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். உள்ளே ஆயில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பல் மழுங்கிக் கிடக்கிறது. புதுசு சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு கால் டேங்குக்கும் மிஷினை அணைத்து, பாரின் பள்ளத்தில் கையால் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.